தட்டிப் பார்க்கும் உரிமை: திண்ம விசையியல் பற்றிச் சில குறிப்புகள்

அமைப்பு, கட்டுமானம், கட்டுடைப்பு, விரிசல், அடித்தளம், மேல்தளம். முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சிறுபத்திரிகைகளில் நாம் புழங்கிவரும் சொற்கள் இவை. எல்லாமே கொத்தனாரிடமும் தச்சரிடமும் கடன் வாங்கியவை. வாங்கிய கடனை நாம் திருப்பித் தரவில்லை. ஒரு பிரதி எப்படி நிற்கிறது, எங்கே தட்டினால் சரியும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஒரு சுவர் எப்படி நிற்கிறது, ஒரு தூண் ஏன் முறிகிறது என்று கேட்டால் நம்மில் பலரும் முழிப்போம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அதெல்லாம் எதற்கு என்றுதான் நானும் இருந்தேன். கூடங்குளம் பற்றிய விவாதங்களில் 'பற்றவைப்பு', 'நொறுங்குதன்மை' போன்ற சொற்கள் வந்து விழுந்தபோதுதான், எதிர்ப்பவர்களோடு நிற்கிற எனக்கே அவை புரியவில்லை என்பது உறைத்தது. அதன் பிறகு இயற்பியல் நண்பர்களை நச்சரித்தும், கிடைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே தொகுத்துத் தர முயல்கிறேன்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. இத்துறையை 'இயக்கவியல்' என்று எழுதினால் நம் தோழர்கள் ஹெகலைத் தேடிப் போய்விடுவார்கள். ஆகவே 'திண்ம விசையியல்' என்கிறேன். கல், மண், மரம், இரும்பு, எலும்பு முதலான திண்மங்கள் பாரத்தை எப்படித் தாங்குகின்றன, எப்படி உருமாறுகின்றன, எப்போது முறிகின்றன என்பதே இதன் கேள்வி.

1

எங்கள் ஆச்சி சந்தையில் காருகுறிச்சிப் பானை வாங்கும்போது முதலில் விலை கேட்க மாட்டாள். பானையை இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கை விரல் முட்டியால் ஒரு தட்டு. 'கணீர்' என்றால் பேரம் தொடங்கும். 'டொக்' என்றால் கீழே வைத்துவிடுவாள். "தட்டாம வாங்குனா நட்டம் நமக்குத்தாம்ல" என்பாள்.

அந்த ஒரு தட்டில் என்ன நடக்கிறது? விரல் பட்ட இடத்தில் பானையின் சுவர் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. வளைந்தது பழைய நிலைக்குத் திரும்புகிறது. திரும்பும் வேகத்தில் மறுபக்கமும் வளைகிறது. இப்படி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிர்வதுதான் 'கணீர்'. எவ்வளவு விறைப்பு, எவ்வளவு எடை என்பதைப் பொறுத்து அதன் சுருதி அமைகிறது. உள்ளே கீறல் இருந்தால் அதன் இரு முகங்களும் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடுகின்றன. விறைப்பும் குறைகிறது. சத்தம் செத்துப்போகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பொருளை உடைக்காமலே கண்டுபிடிக்கிற முறை இது. இன்றைய பொறியாளர்கள் செய்யும் 'சிதைக்காச் சோதனை'யின் மிகப் பழைய வடிவம்.

நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களும் இதே கதைதான். நடுத்தூணைச் சுற்றிச் சின்னச் சின்னத் தூண்கள். எல்லாம் ஒரே கல்லில் செதுக்கியவை. தட்டினால் வெவ்வேறு சுரங்கள். உள்ளே குடைந்திருக்கிறார்கள், அதுதான் ரகசியம் என்று இப்படிப்பட்ட தூண்களைப் பற்றி வழிகாட்டிகள் சொல்வார்கள். ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் சோதித்து 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். தூண்கள் திடமானவையே, குடைந்தவை அல்ல. கேட்கும் சுருதி, வளைந்து அதிரும் கம்பத்துக்குக் கணக்கிடும் சுருதியோடு பொருந்துகிறது என்பது அவர்கள் முடிவு. அந்தக் கணக்கு எளிமையானது. கனம் இரட்டித்தால் சுருதி இரட்டிக்கும். நீளம் இரட்டித்தால் சுருதி நான்கில் ஒன்றாகக் குறையும். சமன்பாடு இல்லாமல் உளியாலும் காதாலும் இந்த உறவைப் பிடித்த கல்தச்சரின் பெயர் எந்தத் தலபுராணத்திலும் இல்லை. நெல்லையில் மண்டபத்தைக் கட்டியவர் நின்றசீர் நெடுமாறன் என்று கோயில் மரபு சொல்கிறது. மன்னனின் பெயர் மட்டும் நிற்கிறது.

அணு மையத்துக்காரர்கள் கோயில் தூணுக்கு எப்படி வந்தார்கள்? உலைக் குழாய்களிலும் கலன்களிலும் விரிசல் தேடும் அதே மீயொலிக் கருவிகளைத்தான் தூணுக்கும் கொண்டுவந்தார்கள். பானையும் தூணும் அணு உலையும் ஒரே அறிவியலின் பொருள்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

2

இத்துறையின் தொடக்கமாக வழக்கமாகச் சுட்டப்படுவது கலிலியோ 1638இல் வெளியிட்ட 'இரு புதிய அறிவியல்கள்'. திருச்சபை அவரை வீட்டுச் சிறையில் வைத்திருந்த காலம். நூல் அச்சானது ஹாலந்தின் லைடனில். அந்த உரையாடல் வானத்தில் தொடங்கவில்லை, வெனிஸ் கப்பல் பட்டறையில் தொடங்குகிறது. பெரிய கப்பலுக்குச் சின்னக் கப்பலைவிட ஏன் விகிதத்தை மீறி முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அந்தப் பட்டறைத் தொழிலாளிகளுக்குத் தெரிந்திருந்தது. கலிலியோ அந்த அறிவைக் கணிதமாக்கினார். சுவரில் செருகிய உத்திரம் எங்கே முறியும் என்று கேட்டார். எல்லா அளவையும் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது, தாங்கும் குறுக்குப்பரப்போ நான்கு மடங்குதான். ஆகவே பெரியது தன் எடையாலேயே பலவீனப்படும்.

அடுத்தவர் ராபர்ட் ஹூக். இழுவிசை எவ்வளவோ அவ்வளவு நீட்சி என்ற விதி அவருடையது. அதை அவர் முதலில் 1676இல் வெளியிட்ட விதம் விசித்திரமானது. லத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளைக் கலைத்து அகர வரிசையில் அடுக்கி, யாருக்கும் புரியாத புதிராக அச்சிட்டார். 1678இல்தான் விடையைச் சொன்னார். நம் சித்திரகவிக்காரர்கள் எழுத்தோடு விளையாடியது திறமையைக் காட்ட. ஹூக் விளையாடியது உரிமையைக் காக்க. மறைத்துவைத்தல் இந்தத் துறையின் பிறப்பிலேயே இருக்கிறது.

1822இல் பாரிஸில் கோஷி இந்த அறிவியலுக்கு அதன் மையக் கருத்தைத் தந்தார். பொருளுக்குள்ளே ஒரு கத்தியைக் கற்பனையாகச் செருகுங்கள். வெட்டுமுகத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தின்மீது செலுத்தும் விசையை அந்த முகத்தின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. கத்தியைத் திருப்பினால் தகைவும் மாறும். ஒரு புள்ளியில் இவ்வளவு தகைவு என்று ஒற்றை எண்ணைச் சொல்லிவிட முடியாது. எந்தத் திசையில் வெட்டிப் பார்க்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு புள்ளியின் நிலையை முழுதாகச் சொல்ல ஆறு எண்கள் தேவை. குறி தன்னளவில் பொருள் தருவதில்லை, பிற குறிகளோடான உறவில்தான் தருகிறது என்று சசூரைப் படித்து நாம் அதிசயித்தோம். அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே ஒரு கல்லுக்குள்ளும் இருப்பது உறவுதான் என்று சொல்லப்பட்டிருக்கிறது.

தகைவால் பொருளில் நேரும் வடிவ மாற்றத்தைத் தமிழ்ப் பாடநூல்கள் 'திரிபு' என்கின்றன. இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் இனிக்கும். புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரம் படித்தோம். இரண்டு சொற்கள் ஒன்றையொன்று நெருக்கும் இடத்தில்தான் எழுத்து திரிகிறது, கெடுகிறது. பாரம் நீங்கினால் பழைய வடிவுக்குத் திரும்பும் திரிபு மீட்சித் திரிபு. திரும்பாமல் தங்கிவிடுவது நிலைத்த திரிபு. அதற்கும் அப்பால் முறிவு.

3

கொக்கிரகுளத்திலிருந்து நெல்லைச் சந்திப்புக்கு ஆற்றைக் கடக்கும் எல்லோரும் சுலோச்சன முதலியார் பாலத்தின்மேல் போயிருப்போம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த அவர் தன் கைப்பணத்தில் கட்டுவித்தது. மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்த கதையும் ஊரில் உண்டு. ராணுவப் பொறியாளர்கள் வடிவமைத்துக் கட்ட, 1843 நவம்பரில் திறந்தார்கள். ஒவ்வொன்றும் 60 அடி அகலத்தில் 11 வளைவுகள். கொடுத்தவர் பெயர் தெரிகிறது, வரைந்தவர் பெயர் தெரிகிறது. ஆற்று மணலில் இறங்கி நின்று கால்களை எழுப்பியவர்கள் பெயர் வழக்கம்போல இல்லை.

வளைவு எப்படி நிற்கிறது? இதற்கும் விடை ஹூக்கிடம் உண்டு, அதையும் அவர் புதிராகத்தான் வெளியிட்டார். ஒரு சங்கிலியை இரண்டு முனையிலும் பிடித்துத் தொங்கவிடுங்கள். அதன் ஒவ்வொரு கண்ணியும் இழுபடுகிறது. அந்த வடிவத்தை அப்படியே தலைகீழாக்கினால் ஒவ்வொரு துண்டும் நெருக்குப்படும். கல்லும் காரையும் நெருக்குதலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. கல்லுக்குப் பிடித்த வேலையை மட்டும் கல்லுக்குக் கொடுப்பதே வளைவின் சூட்சுமம். ஆனால் வளைவு சும்மா நிற்பதில்லை. பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே நிற்கிறது. பக்கத்து வளைவு எதிர்த்துத் தள்ளுவதால் சமன். நடுவில் ஒரு கால் சரிந்தால் அண்டையிலுள்ளவையும் போகும்.

1869 வெள்ளத்தில் வளைவுகள் சில போயின. 1871இல் திரும்பக் கட்டினார்கள். மேலே ஏறிய பாரத்தால் வளைவுப் பாலம் விழுவது அபூர்வம். பெரும்பாலும் கீழே, காலடியில் மண் அரித்துத்தான் விழும். வெள்ளம் கால்களைச் சுற்றிச் சுழித்து மணலைத் தோண்டுகிறது. மணல் அள்ளும் இயந்திரமும் அதையேதான் செய்கிறது, வெள்ளம் இல்லாத நாளிலும். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக இரா. நல்லகண்ணு தாமே நின்று வாதாடி 2010இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தடை வாங்கியதை நாம் சுற்றுச்சூழல் பிரச்சினையாக மட்டுமே பார்த்தோம். அது பாலங்களின் காலைக் காக்கும் வழக்கும்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் அருகே தண்டவாளத்தின் அடியிலிருந்த மண் கரைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதைப் படத்தில் பார்த்தோம். இரும்பு முறியவில்லை. தாங்கியது போய்விட்டது.

கொக்கிரகுளம் ஆற்றங்கரையை எழுதிவிட்டு 1999 ஜூலை 23ஐச் சொல்லாமல் நகர முடியாது. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டரிடம் மனுக் கொடுக்க வந்த ஊர்வலத்தில் 17 பேர் காவல்துறையின் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு இறந்தார்கள். அதைப் பாரம், முறிவு என்று உருவகமாக்க எனக்கு மனமில்லை. 'நீரில் மூழ்கிச் சாவு' என்று எழுதும் கோப்பு, கடைசியில் நடந்ததை மட்டும் காரணமாக எழுதுகிறது என்பதோடு நிறுத்துகிறேன். காரணம் எது என்ற கேள்வி அடுத்த பகுதிக்கு வேண்டியிருக்கிறது.

4

வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பேசுகிறார். இறகுதானே என்று அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும். அங்கே காரணம் பாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரயில்வேக்காரர்களுக்கு வேறொரு அனுபவம் ஏற்பட்டது. அளவு மீறாத பாரத்திலேயே, ஆண்டுக்கணக்கில் நன்றாக ஓடிய ரயில் அச்சுகள் திடீரென்று முறிந்தன. ஜெர்மானியப் பொறியாளர் வோலர் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒருமுறை ஏற்றினால் தாங்கும் பாரம், லட்சம் முறை ஏறி இறங்கினால் முறித்துவிடுகிறது. உலோகத்துக்கும் அசதி உண்டு. ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு நுண்விரிசல் மயிரிழை அளவு வளர்கிறது.

விரிசலின் கணக்கைப் போட்டவர் ஆலன் கிரிஃபித். ஃபார்ன்பரோ விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். அணுக்களின் பிணைப்பைக் கணக்கிட்டால் கண்ணாடி தாங்க வேண்டிய வலிமையில் நூறில் ஒரு பங்கைக்கூட அது உண்மையில் தாங்குவதில்லை. ஏன்? பிறக்கும்போதே அதில் நுண்கீறல்கள் இருக்கின்றன. கீறலின் முனையில் தகைவு குவிகிறது. விரிசல் வளரும்போது பொருளில் தேங்கிய ஆற்றல் விடுபடுகிறது, புதிய பரப்பை உண்டாக்க ஆற்றல் செலவாகிறது. வரவு செலவை மிஞ்சும் நீளத்தை எட்டியதும் விரிசல் தானே ஓடும், யாரும் தள்ள வேண்டாம். 1921இல் வெளிவந்த அவர் கட்டுரையின்படி விரிசல் நான்கு மடங்கு நீண்டால் தாங்கும் தகைவு பாதியாகிவிடும்.

இதன் விளைவு பெரியது. 'இந்த இரும்பு இவ்வளவு தாங்கும்' என்ற வாக்கியம் அரைகுறை என்றாகிவிட்டது. எவ்வளவு விரிசலோடு, எவ்வளவு குளிரில், எத்தனை முறை என்று சேர்த்துக் கேட்காமல் வலிமையைச் சொல்ல முடியாது. வலிமை பொருளின் குணம் மட்டுமல்ல. பொருளுக்கும் அதன் குறைக்கும் உள்ள உறவு.

கிரிஃபித்தைப் பொறியாளர்கள் இருபது ஆண்டுகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில், புத்தம்புதிய ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் துறையில் கட்டிக் கிடந்தபோதே, புயலும் அலையும் இல்லாமல் இரண்டாகப் பிளந்தது. போர்க்கால அவசரத்தில் கட்டிய கப்பல்கள் பலவற்றில் இப்படி விரிசல் ஓடியது. முன்பு தகடுகளைக் குடையாணி அடித்து இணைத்தார்கள். விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். இப்போது பற்றவைத்தார்கள். கப்பல் முழுக்க ஒரே துண்டாயிற்று, விரிசலுக்கும் தடையில்லாத பாதை கிடைத்தது. தரம் குறைந்த உருக்கு குளிரில் கண்ணாடிபோல நொறுங்கியது. 1957இல் ஜார்ஜ் இர்வின் கிரிஃபித்தின் கணக்கை உலோகங்களுக்கு ஏற்ப மாற்றி எழுதிய பிறகுதான் 'முறிவு விசையியல்' ஒரு துறையாக நிலைபெற்றது.

5

கூடங்குளம் ஒப்பந்தம் 1988இல் கையெழுத்தானது. முதல் உலை 2013 அக்டோபரிலும் இரண்டாவது 2016இலும் மின்கட்டமைப்போடு இணைந்தன. 3, 4 உலைகளின் கட்டுமானம் 2017இலும், 5, 6 உலைகளின் கட்டுமானம் 2021இலும் தொடங்கின. இவ்வகை உலையின் அழுத்தக்கலன் சுமார் 20 சென்டிமீட்டர் கனமுள்ள உருக்குச் சுவர். உள்ளே ஏறக்குறைய 300 பாகை வெப்பம், காற்றழுத்தத்தைப்போல் கிட்டத்தட்ட 160 மடங்கு அழுத்தம். பம்பையும் குழாயையும் மாற்றலாம். இந்தக் கலனை மாற்ற முடியாது. உலையின் ஆயுள் என்பது நடைமுறையில் கலனின் ஆயுள்.

உலை ஓடும்போது நியூட்ரான்கள் கலனின் சுவரில் மோதி அணுக்களை இடம்பெயர்க்கின்றன. ஆண்டுகள் போகப் போக உருக்கு இறுகி, நெகிழும் குணத்தை இழந்து, நொறுங்கும் குணத்தை அடைகிறது. செம்பு, பாஸ்பரஸ், நிக்கல் கூடினால் இது வேகமாகிறது. நொறுங்கும் குணம் தொடங்கும் வெப்பநிலை மேலே ஏறிக்கொண்டே வருகிறது. விபத்தில் சூடான சுவர்மீது குளிர்ந்த நீர் பாயும் சமயம்தான் ஆபத்து. உட்பரப்பு சுருங்க முயன்று இழுபடும். அப்போது அங்கே ஒரு விரிசல் இருந்தால் கிரிஃபித்தின் கணக்கு தொடங்கிவிடும். பற்றவைத்த இடத்தில் இக்கவலை கூடுதல். அதனால்தான் எரிபொருளுக்கு நேரே உள்ள சுவரில் பற்றவைப்பு இருப்பது பற்றி 2012 வாக்கில் எதிர்ப்பாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். இது உலகெங்கும் உள்ள நடைமுறை, பாதுகாப்பானது என்று அதிகாரத் தரப்பு சொன்னது.

நாளைக்கே வெடிக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது இந்த அறிவியலுக்குச் செய்யும் துரோகம். பற்றவைத்த கலன்கள் உலகில் பல பத்தாண்டுகளாக ஓடுகின்றன. நொறுங்குதன்மை ஏறிய சில பழைய சோவியத் கலன்களை 400 பாகைக்கு மேல் சூடேற்றிப் பக்குவப்படுத்தித் திரும்ப ஓட்டியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. கலனின் நிலையை அறிய ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. அதே உருக்கில், அதே பற்றவைப்பில் செய்த சிறு துண்டுகளைக் கலனுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். வேண்டுமென்றே முன்பே ஒரு வெட்டுப்போட்ட அந்தத் துண்டுகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்து, ஊசல் சுத்தியலால் அடித்து முறிப்பார்கள். முறிய எவ்வளவு ஆற்றல் வாங்கியது என்பதே சுவரின் முதுமைக்கு அளவு. இதுவும் ஒரு தட்டல்தான்.

தட்டியபோது என்ன சத்தம் கேட்டது என்பதை இடிந்தகரையில் இருப்பவர் கேட்கலாமா என்பதே கேள்வி. உலையின் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போனது. 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் வெளியிடச் சொன்னது. அணுமின் கழகம் அதை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் கடற்கரையில் கூடியவர்கள்மீது கண்ணீர்ப்புகை. மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோக வழக்கு. 2013 மே 6 அன்று உச்சநீதிமன்றம் உலைக்கு அனுமதி தந்தது. கேட்டவர்களை 'அறிவியல் தெரியாத மீனவர்கள்' என்று பேசியவர்கள் உண்டு. விரிசல் இருக்கிறதா என்று கேட்பதைவிட அறிவியலான கேள்வி திண்ம விசையியலில் எது என்று எனக்குத் தெரியவில்லை.

6

இனி, செய்ய வேண்டியவை. இது முடிந்துபோன துறை அல்ல. விரிசல் எங்கே தொடங்கும் என்பதை ஓரளவு சொல்ல முடிகிறது, எப்போது என்பதைச் சொல்வது இன்னும் சிரமம். அணு அளவில் நடப்பதிலிருந்து பாலத்தின் அளவுக்குக் கணக்கைக் கொண்டுசெல்வதும் முழுதாக ஆகவில்லை. கணினி வந்த பிறகு பெரிய கட்டுமானத்தைச் சின்னச் சின்னக் கூறுகளாக வெட்டிக் கணக்கிடுகிறார்கள். கோஷியின் கற்பனைக் கத்தி இன்று லட்சக்கணக்கில் வெட்டுகிறது. ஆனால் தவறான பொருள்குணத்தை உள்ளே கொடுத்தால் கணினி தவறான விடையை அழகாக வரைந்து தரும்.

நம் பகுதியிலேயே வேலை கிடக்கிறது. பழைய வளைவுப் பாலங்களின் சுண்ணாம்புக் காரை மெல்ல இளகிக் கொடுக்கும், சின்ன விரிசலைத் தானே மூடிக்கொள்ளும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் இறுக்கமான இடத்தில் தகைவு கூடிக் கல்லே பெயரும். தாமிரபரணிப் பாலங்கள், மண்டபங்கள், அணைக்கட்டுகளின் காரை என்ன குணமுள்ளது, ஆற்றுப்படுகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து வைக்கலாம். நெல்லையப்பர் தூண்களைக் கையால் தட்டித் தேய்க்காமல் ஒளிக்கற்றையால் அதிர்வை அளந்து ஆவணப்படுத்தலாம். கடற்கரையில் கட்டுமரத்துக்குப் பதிலாக வந்த ஃபைபர் படகுகள் அலையில் அடிபட்டு எங்கே விரிகின்றன என்பது படகு ஒட்டுப்போடுகிறவர்களுக்குத் தெரியும். வெனிஸ் பட்டறைக்குக் கலிலியோ போனதுபோல அவர்களிடம் யாராவது போக வேண்டும். பத்தமடைக் கோரை இழை ஏன் அவ்வளவு மடிந்தும் முறிவதில்லை என்பதும் நல்ல ஆய்வுப் பொருள்தான்.

ஒரே மாவட்டத்தில் மகேந்திரகிரியும் கூடங்குளமும் இருக்கின்றன. ஒன்றில் மைனஸ் 253 பாகை திரவ ஹைட்ரஜனின் குளிரில் உலோகம் நொறுங்காமல் இருக்க வேண்டும். மற்றொன்றில் நியூட்ரான் மழையில் நொறுங்காமல் இருக்க வேண்டும். இவ்வளவு உயர்ந்த உலோக அறிவு மதில்களுக்குள் இருக்க, வெளியே அதைத் தமிழில் விளக்கும் நூல் தேடினால் கிடைப்பது அரிது. அரசு பொறியியல் கல்லூரியும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. நொறுங்குதன்மை பற்றி உலகெங்கும் வெளியாகும் அளவைகளைத் திரட்டி, உலை அதிகாரிகளிடம் எந்த எண்ணைக் கேட்க வேண்டும், வந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர ஒரு சிறு குழு போதும். வெளிப்படையாக இருந்தால் அதிகாரத் தரப்புக்கும் நல்லதுதான். நல்ல பானைக்காரர் தாமே தட்டிக் காட்டுவார்.

இலக்கியக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சொல் நம்முடைய வேலை. தகைவு, திரிபு, அசதி, நொறுங்குதன்மை ஆகிய சொற்களை இடிந்தகரையிலும் காருகுறிச்சியிலும் பேசிப் பார்த்து, நிற்பதை வைத்துக்கொண்டு நிற்காததை மாற்ற வேண்டும். கிரிஃபித்தின் 1921 கட்டுரையைத் தமிழில் கொண்டுவர யாராவது முன்வந்தால், இயற்பியல் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து நடையைத் திருத்தித்தர நான் தயார்.